நொத்தாரிசு வந்த வழி

மூத்த பிளினி என்ற உரோமானியர் நேரத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தவர். ‘இயற்கை வரலாறு’ என்ற பெயரில் 37 நூல்கள் எழுதிக் குவித்தவர், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அந்தப் பக்கமே கப்பலை விடச் சொல்லி, அங்கேயே இறந்தவர். அவர் எப்படி வேலை செய்வார் என்பதை அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். குளித்துவிட்டு உடம்பைத் துடைத்துவிடும் நேரத்தில்கூட யாராவது அவருக்கு நூல் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். பயணத்தின்போது பக்கத்திலேயே ஒரு ‘நொத்தாரியுஸ்’, கையில் புத்தகமும் மெழுகுப் பலகைகளுமாக உட்கார்ந்திருப்பார். குளிர்காலத்தில் அந்த ஆளின் கைகளுக்கு நீண்ட உறை உண்டு. அடிமையின் விரல் மேல் வந்த கரிசனம் என்று நினைத்துவிட வேண்டாம். குளிரில் விரல் மரத்துப்போய் எழுத்து நின்றுவிடக் கூடாது என்பதுதான் காரணம் என்று கடிதமே சொல்கிறது.

அந்த நொத்தாரியுஸின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தொழிற்பெயர் மட்டும் ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளுக்குள் புகுந்தது. கப்பலேறி இலங்கைத் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. லத்தீனில் எழுதுகிறவரைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்கிரீபா, ஸ்கிரிப்தோர், படியெடுத்து எழுதும் லிப்ராரியுஸ், ஆவணம் எழுதித் தரும் தபெல்லியோ என்று ஒரு பட்டாளமே உண்டு. அவற்றுள் மிகத் தாழ்ந்த இடத்தில் தொடங்கி மிக நீண்ட தூரம் போனது நொத்தாரியுஸ்தான்.

‘நொத்தா’ என்றால் குறி, அடையாளம். ரூபாய் நோட்டு, பள்ளிக்கூட நோட்டு என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல் அதன் ஆங்கிலக் கிளை. (நாணயத்தை நோட்டம் பார்ப்பது என்கிறோமே, அது வேறு. அந்த நோட்டம் கன்னடத்தின் ‘நோடு’வுக்குச் சொந்தக்காரச் சொல், லத்தீனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடிவிடுவது சொல் ஆராய்ச்சியில் நம்மவர்களுக்கு இருக்கும் தீராத சபலம்.) நொத்தா எழுதுகிறவர் நொத்தாரியுஸ்: அதாவது சுருக்கெழுத்தாளர். ஊருக்கு ஊர் தட்டச்சு நிலையங்களில் ஷார்ட்ஹேண்ட் படித்து அரசு வேலைக்குப் போன தலைமுறைக்கு இவரை எளிதில் அடையாளம் தெரியும்.

உரோமானியச் சுருக்கெழுத்தை, பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவின் அடிமையாக இருந்து பின்னர் விடுதலை பெற்ற தீரோவின் பெயரால் ‘தீரோக் குறிகள்’ என்பார்கள். கி.மு. 63இல் சிசரோ கான்சலாக இருந்தபோது, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலினாவின் கூட்டாளிகளை என்ன செய்வது என்று செனட் சபையில் பெரிய வாதம் நடந்தது. அன்று செனட்டர் கேட்டோ ஆற்றிய உரை மட்டும் பிழைத்ததற்குக் காரணம், வேகமாக எழுதத் தெரிந்தவர்களைச் சிசரோ சபையில் அங்கங்கே உட்கார வைத்திருந்ததுதான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஒரு சின்னக் குறிக்குள் பல எழுத்துகளின் பொருளை அடக்கும் முறையை அவர்களுக்குச் சிசரோவே முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தாராம்.

முறை எப்படி வேலை செய்தது என்பது சுவையானது. லத்தீன், தமிழைப் போலவே, சொல்லின் கடைசியில் வேலையை வைத்திருக்கும் மொழி. மரம், மரத்தை, மரத்தால் என்று நாம் உருபு மாற்றுவதுபோல அங்கும் விகுதிகள் மாறும். ஆகவே சொல்லின் அடிப்பகுதிக்கு ஒரு குறி. விகுதிக்கு இன்னொரு சின்னக் குறி. அந்தச் சின்னக் குறியை அடிக்குறியின் மேலே, கீழே, பக்கத்தில் என்று இடம் மாற்றிப் போட்டால் பொருளும் மாறும். அடிக்குறிகளை மனப்பாடம் செய்துவிட்டால் மீதி தானாக வரும். ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டிய அளவுதான் மலைக்க வைக்கும். ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர், பலர் கூட்டிச் சேர்த்துக் குறிகளின் தொகை 5,000 ஆனது என்று எழுதினார். பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் பரம்பரைக் காலத்துக் கையேடுகளில் அது சுமார் 13,000. பிறகு முறையே வழக்கொழிந்து, படிக்க ஆளில்லாமல் போயிற்று. ஜெர்மானிய அறிஞர் உல்ரிஹ் ஃபிரீட்ரிஹ் கொப் 1817இல் அகராதி வெளியிட்ட பிறகுதான் அதன் கதவு மறுபடி திறந்தது.

ஒரே ஒரு குறி மட்டும் சாகவேயில்லை. ‘எத்’, அதாவது ‘மற்றும்’ என்பதற்கான குறி. பார்க்க ஏழு என்ற எண்ணைப் போல் இருக்கும். அயர்லாந்தில் கட்டணம் செலுத்தி வண்டி நிறுத்தும் இடங்களின் அறிவிப்புப் பலகைகளில், ஐரிஷ் மொழி வரியில், இரண்டு சொற்களுக்கு நடுவே அது இன்றும் நிற்கிறது.

இதைக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு எகிப்தின் ஒக்சிரிங்குஸ் நகரத்துக் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் தாள் சாட்சி. கி.பி. 155இல் எழுதிய ஒப்பந்தம் அது. மொழி கிரேக்கம், தொழில் அதேதான். பனெகோதேஸ் என்பவர் தம் அடிமை கைராம்மோனை அப்பொல்லோனியுஸ் என்ற சுருக்கெழுத்து ஆசிரியரிடம் இரண்டு ஆண்டுக்கு ஒப்படைக்கிறார். கட்டணம் 120 திராக்மா. முதல் தவணை 40 கைக்கு வந்துவிட்டது. குறிகளின் தொகுப்பு நூலைப் பையன் முழுக்க மனத்தில் ஏற்றிய பிறகு 40. கடைசி 40 எப்போது? எந்த உரைநடையைச் சொன்னாலும் தடுமாறாமல் எழுதி, எழுதியதைப் பிழையில்லாமல் திருப்பிப் படிக்கும்போதுதான். பையன் சும்மா இருந்த நாள்கள் எத்தனையோ அத்தனை நாள் கூடுதலாக ஆசிரியரிடம் தங்க வேண்டும் என்றும் ஒரு விதி. பணத்தைத் தவணையாகப் பிரித்த விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேகமாக எழுதுவது பாதித் தொழில்தான். எழுதியதைத் திரும்ப வாசிப்பதில்தான் ஆள் தேறினானா என்பது தெரியும். சுருக்கெழுத்துப் படித்தவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

எவ்வளவு திறமை இருந்தாலும் மதிப்பு இல்லை. சுருக்கெழுத்தையெல்லாம் தத்துவ ஞானிகள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லாதீர்கள், அது கடைகெட்ட அடிமைகள் கண்டுபிடித்த வேலை என்று தத்துவ ஞானியான செனெகாவே ஒரு கடிதத்தில் ஒதுக்கித் தள்ளுகிறார். இளைய பிளினியின் கோடைக்கால வீட்டுக் காட்சி இன்னும் துல்லியம். காலையில் விழித்ததும் சாளரத்தைத் திறக்காமல் இருட்டிலேயே படுத்தபடி மனத்துக்குள் எழுதிப் பார்ப்பாராம். பிறகு நொத்தாரியுஸைக் கூப்பிட்டு, வெளிச்சத்தை உள்ளே விட்டு, சொல்லச் சொல்ல எழுத வைப்பார். அவன் போவான், திரும்பக் கூப்பிடுவார், திரும்ப அனுப்புவார். எழுத்தாளர் அங்கே பிளினி. எழுதுகிறவன் வேறு ஆள்.

நான்காம் நூற்றாண்டில் எல்லாம் தலைகீழாயிற்று. பேரரசு பெருத்து, ஆணைகளும் விசாரணைகளும் பெருத்தபோது, அரசவையின் பேச்சை அப்படியே பதிவு செய்யத் தெரிந்தவனுக்கு இரகசியங்கள் எல்லாம் தெரிந்துவிட்டன. இரகசியம் தெரிந்தவனை எந்த அரசனும் தள்ளி வைக்க மாட்டான். நொத்தாரியுஸ்கள் தூதர்களானார்கள், ஒற்றர்களானார்கள், விசாரணை அதிகாரிகளானார்கள். இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் பேரரசரின் ஆளான பவுலுஸ் என்ற நொத்தாரியுஸுக்கு ‘சங்கிலி’ என்று பட்டப்பெயர். குற்றச்சாட்டுகளைக் கண்ணி கண்ணியாகப் பின்னி ஆளை மாட்டிவிடுவதில் கெட்டிக்காரர். அடுத்த பேரரசராக ஜூலியன் ஆட்சிக்கு வந்ததும் அவரை உயிரோடு கொளுத்தினார்கள். அந்தியோக்கியாவின் பேச்சுக்கலை ஆசிரியர் லிபானியுஸ், மாணவர்கள் இலக்கியத்தை விட்டுவிட்டுச் சுருக்கெழுத்துப் படிக்க ஓடுகிறார்களே என்று புலம்பியிருக்கிறார். கலைக்கல்லூரி ஆசிரியர்களின் புலம்பலுக்கு வயது ஆயிரத்து அறுநூறுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

உச்சம் 423இல் வந்தது. மேற்குப் பேரரசர் ஹொனோரியுஸ் இறந்ததும் அரியணை ஏறியவர் ஜொஹன்னஸ். அதுவரை அவர் வகித்த பதவி ‘நொத்தாரியுஸ்களின் தலைவர்’. அடிமைத் தொழில் சில நூற்றாண்டுகளில் சிம்மாசனம் வரை போய்விட்டது. அதிக நாள் நிலைக்கவில்லை. 425இல் கிழக்குப் படைகள் அவரைப் பிடித்து அக்குவிலேயா நகரில் கொன்றன. கொல்லுமுன் முதலில் ஒரு கையை வெட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் எழுதுகிறார்.

திருச்சபைக்கும் இவர்கள் வேண்டியிருந்தது. புனித அகஸ்டினின் மறையுரைகள் நூற்றுக்கணக்கில் கிடைப்பதற்கு அவர் பேசப் பேசக் கீழே உட்கார்ந்து எழுதிய நொத்தாரியுஸ்களே காரணம். 411இல் கார்த்தேஜில் கத்தோலிக்கர்களும் அவர்களிடமிருந்து பிரிந்துபோன தொனாத்தியர்களும் மோதிக்கொண்ட மாநாட்டில் இரு கட்சியும் தத்தம் சுருக்கெழுத்தாளர்களைக் கொண்டுவந்தன. எழுதியதை விரித்தெழுதிய பிறகு, பேசியவரே தம் பேச்சின் கீழ் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். என் கணக்கில் இந்தக் கதையின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது. வேகமாக எழுதுகிறவன் என்பது பின்னுக்குப் போய், ‘இவன் எழுதினால் அது நடந்தது’ என்ற பொருள் முன்னுக்கு வரத் தொடங்கியது.

பேரரசு விழுந்த பிறகு குறிகள் மெல்ல மறந்தன. சொல் மறக்கவில்லை. ஒவ்வோர் ஆயரும் மடாதிபதியும் கோமகனும் தமக்கென்று ஒரு நொத்தாரியுஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 805இல் சார்லமேன் ஆணையிட்டார். அதற்குள் நொத்தாரியுஸ் சுருக்கெழுத்துக்காரர் அல்லர், எழுத்துவேலை பார்க்கும் அலுவலர். தெருவோரத்தில் ஆவணம் எழுதித் தந்துகொண்டிருந்த தபெல்லியோவின் தொழிலும் மெல்ல இவருடைய பெயருக்குள் போய்ச் சேர்ந்தது. (தபெல்லியோ முற்றிலும் தோற்கவில்லை. போர்த்துகீசிய மொழியில் ‘தபெலியாவ்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரேசிலில் பொதுப் பத்திரம் எழுத அவரிடம்தான் போக வேண்டும்.)

ஐரோப்பா முழுக்க இந்தச் சொல்லை ஏற்றுமதி செய்தது வட இத்தாலி. பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் அங்கே வாணிகம் கொழித்தது. ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலேறுவார். போனவர் திரும்பி வந்து ‘நான் வாங்கவேயில்லை’ என்றால் என்ன செய்வது? சாட்சிகள் செத்துப்போவார்கள், இல்லையேல் கடலில் இருப்பார்கள். இத்தாலிய நகரங்கள் கண்ட தீர்வு, நொத்தாரியுஸின் கைக்குப் ‘பொது நம்பிக்கை’ என்ற சட்டத் தகுதியைக் கொடுத்தது. அவர் முறைப்படி எழுதித் தம் அடையாளக் குறியை வரைந்துவிட்டால் அரச முத்திரை வேண்டாம், சாட்சிகள் நேரில் வர வேண்டாம்; தாளே பேசும். ஒவ்வொரு நொத்தாரியுஸுக்கும் தனித்தனிக் குறி உண்டு. சிலுவை, முடிச்சு, கோபுரம் என்று கோட்டால் பின்னி வரைந்தவை. மறுபடி ஒரு ‘நொத்தா’!

ஜெனோவா நகர ஆவணக் காப்பகத்தில் ஜொவான்னி ஸ்கிரீபா என்பவரின் பதிவேடு இருக்கிறது. 1154 முதல் 1164 வரையிலான ஒப்பந்தங்கள். இந்த வகையில் இன்றுவரை பிழைத்திருப்பவற்றில் மிகப் பழையது அதுவே. கட்சிக்காரர்கள் எதிரில் நிற்க, ஒப்பந்தத்தின் சாரத்தை மட்டும் பதிவேட்டில் சுருக்கி எழுதிக்கொள்வார்கள். யாராவது கேட்டால் அதிலிருந்து முழுப் பத்திரமாக விரித்து எழுதித் தருவார்கள். தீரோவின் குறிகள் போய்விட்டன, சுருக்குவதும் விரிப்பதுமான பழக்கம் போகவில்லை. பொலோஞ்ஞா நகரில் இது ஒரு படிப்பாகவே ஆயிற்று. ரோலந்தினோ என்ற ஆசிரியர் 1255 வாக்கில் எழுதிய ‘நொத்தாரியுஸ் கலைத் தொகை’ பல நூற்றாண்டு பாடநூலாக இருந்தது. அவருடைய கல்லறை இன்றும் புனித தொமினிக் சதுக்கத்தில் தூண்கள் மேல் உயர்ந்து நிற்கிறது. பேரரசர்களுக்கு எழுப்புவதுபோல எழுப்பியிருக்கிறார்கள். 1338 வாக்கில் பிளாரன்ஸ் நகரில் மட்டும் சுமார் 600 பேர் இந்தத் தொழிலில் இருந்ததாக வரலாற்றாசிரியர் வில்லானி கணக்குச் சொல்கிறார்.

இவ்வளவு பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக ஓர் ஊரில் இருந்தால் இலக்கியம் சும்மா இருக்குமா? சானெட் என்ற பதினான்கு அடிப் பாவடிவத்தைக் கண்டவர் என்று சொல்லப்படும் ஜாக்கமோ தா லெந்தீனி, சிசிலியில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் அவை நொத்தாரியுஸ். கவிஞர் தாந்தே அவரைப் பெயர் சொல்லாமல் ‘நொத்தாரோ’ என்றே குறிப்பிடுகிறார். கவிஞர் பெத்ரார்க்கின் தந்தை நொத்தாரியுஸ். லியனார்டோ டா வின்சியின் தந்தையும் அப்படியே. லியனார்டோ முறைப்படியான திருமணத்தில் பிறந்திருந்தால் அவரையும் அந்தத் தொழிலுக்கே அனுப்பியிருப்பார்கள், நமக்கு மோனாலிசா கிடைத்திருக்காது.

எனக்கு மிகப் பிடித்தது பொலோஞ்ஞாவின் ‘மெமோரியாலி’ ஏடுகள். 1265 முதல் அந்த நகரம் பெரிய தொகைக்கான ஒப்பந்தங்களையெல்லாம் அரசுப் பதிவேட்டில் படியெடுத்து வைக்கச் சொன்னது. பதிவேட்டில் வெற்றிடம் இருந்தால் ஆபத்து. யாராவது பிறகு ஒரு வரியைச் செருகிவிடலாம். நாமாக இருந்தால் குறுக்கே ஒரு கோடு போடுவோம். பொலோஞ்ஞாக்காரர்கள் பலர் அந்த இடத்தில் கவிதை எழுதினார்கள். கடன் பத்திரத்துக்கும் வீட்டு விற்பனைக்கும் நடுவே, மக்கள் மொழியில் காதல் பாட்டு. 1287இல் என்ரிகெத்தோ என்ற நொத்தாரியுஸ் அப்படி நிரப்பியது, அந்த நகரத்தின் சாய்ந்த கோபுரம் கரிசெந்தாவைப் பற்றித் தாந்தே எழுதிய ஒரு சானெட். தாந்தேவுக்கு அப்போது வயது 22. அவருடைய கைப்பட எழுதிய ஒரு வரிகூட உலகில் மிஞ்சவில்லை. மோசடியைத் தடுக்க எழுதிய இந்தப் படிகள்தான் இத்தாலியக் கவிதையின் மிகப் பழைய சாட்சிகளில் சேர்ந்திருக்கின்றன.

இத்தாலியைத் தாண்டிச் சொல்லைச் சுமந்து போனவர்கள் இருவர்: போப்பும் புனித உரோமானியப் பேரரசரும். ஒருவரைப் பொது நொத்தாரியுஸாக நியமிக்கும் உரிமை அவர்களுக்கும், அவர்கள் கைகாட்டியவர்களுக்கும்தான். அப்படி நியமனம் பெற்றவருடைய பத்திரம் எல்லை தாண்டிச் செல்லும். பதவி போன இடமெல்லாம் பெயரும் போயிற்று. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் 1512இல் கொலோனில் ஜெர்மானிய நாடுகள் முழுமைக்கும் இத்தொழிலுக்கென ஒரு சட்டமே போட்டார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1803இல் வந்த சட்டம் நெப்போலியனின் படைகள் சென்ற நாடுகளிலெல்லாம் அச்சாயிற்று.

இனி, சொல்லின் உடம்பைப் பார்ப்போம். ஒரு மொழிக்குள் ஒரு லத்தீன் சொல் இரண்டு வழியில் வரலாம். ஒன்று, பேச்சு வழி: தாயிடமிருந்து பிள்ளைக்கு, வாய் மாறி வாய் தேய்ந்து வருவது. மற்றது ஏட்டு வழி: படித்தவர்கள் எழுத்து லத்தீனிலிருந்து நேரே எடுத்து ஒட்டுவது. எந்த வழியில் வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்க ஓர் எளிய சோதனை உண்டு. இதே ‘-ஆரியுஸ்’ என்ற முடிவு கொண்ட இன்னொரு சொல் யானுவாரியுஸ்: ஜனவரி மாதம். அது எல்லா வாயிலும் புரண்ட சொல். இத்தாலியனில் ‘ஜென்னாயோ’, பிரெஞ்சில் ‘ஜான்வியே’, போர்த்துகீசியத்தில் ‘ஜனேய்ரு’ (ரியோ டி ஜனேய்ரோ என்றால் ஜனவரி ஆறு), ஸ்பானியத்தில் ‘எனேரோ’ என்று ஆளுக்கொரு விதமாகத் தேய்ந்தது.

நொத்தாரியுஸின் வாலும் அதே கணக்கில் தேய்ந்திருந்தால் பிரெஞ்சில் ‘நொத்தியே’, போர்த்துகீசியத்தில் ‘நொத்தேய்ரு’, ஸ்பானியத்தில் ‘நொத்தேரோ’ என்று நின்றிருக்க வேண்டும். இன்று அங்கே இருப்பவை ‘நொத்தேர்’, ‘நொத்தாரியு’, ‘நொத்தாரியோ’. ஏட்டின் பிடி விடவேயில்லை. இத்தாலியின் டஸ்கனியிலோ ஜென்னாயோவுக்குத் துணையாக ‘நொத்தாயோ’. தெருவில் நின்று பேசும் மனிதனின் அன்றாட வாழ்வில் அந்த ஆள் இருந்தது இத்தாலியில்தான் என்று வரலாறு சொல்வதை, சொல்லின் வாலும் சொல்கிறது.

வடக்கிலும் கிழக்கிலும் போனது முழுக்க ஏட்டு வழி. போலிஷில் ‘நொத்தாரியுஷ்’, ரஷ்யனில் ‘நதாரியுஸ்’ என்று லத்தீன் வாலையே வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் வாலை நறுக்கி ‘நொத்தார்’ ஆக்கியது. செக் மொழியில் கடைசி ‘ர்’ மட்டும் அவர்களுக்கே உரிய உரசலொலியாக மாறியது. சுவீடனில் அரசு கொடுக்கும் பதவிப் பெயர் இன்றும் அச்சு அசல் லத்தீனில் ‘நொத்தாரியுஸ் பூப்ளிகுஸ்’தான். துருக்கியில் ‘நோத்தர்’, அந்தச் சொல்லின் உச்சரிப்பைக் கேட்டாலே அது உரோமாபுரியிலிருந்து வரவில்லை, பாரிஸிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ஸ்பெயினின் கதை தனி. காஸ்டில் நாட்டில் ஆவணம் எழுதுகிறவரின் பெயர் ‘எஸ்கிரிபானோ’, ஸ்கிரீபாவின் வழிவந்தது. கொலம்பஸ் 1492 அக்டோபர் 12 அன்று கரையிறங்கித் தீவைத் தம் அரசருக்கு உரிமையாக்கியபோது, அதைச் சட்டப்படி பதிவு செய்யக் கப்பற்படையின் எஸ்கிரிபானோ ரொத்ரிகோ தே எஸ்கொபேதோ கூடவே இறங்கினார். 1862இல் ஸ்பெயின் புதுச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பதவிக்கு ‘நொத்தாரியோ’ என்று பெயர் மாற்றியது. அதற்குள் அர்ஜென்டினாவும் உருகுவேயும் ஸ்பெயினை விட்டுப் பிரிந்து போயிருந்தன. ஆகவே புவெனஸ் அயர்ஸில் வீடு வாங்குகிறவர் இன்றும் எஸ்கிரிபானோவிடம் போகிறார். மாத்ரிதில் வாங்குகிறவர் நொத்தாரியோவிடம். மொழி ஒன்றே. பிரித்தது ஒரு சட்டத்தின் தேதி. சொற்கள் ஏதோ விதையைப்போலக் காற்றில் பரவுகின்றன என்று எழுதுவது வழக்கம். இந்தச் சொல் அரசிதழில் ஏறித்தான் ஒவ்வோர் ஊருக்கும் போயிருக்கிறது.

இங்கிலாந்து ஓரமாகவே நின்றது. அங்கே பத்திரத்துக்கு உயிர் கொடுப்பது முத்திரையும் சாட்சியும். எழுதியவரின் கை அல்ல. பேரரசரின் பெயரால் நியமனம் பெற்றவர்கள் தம் நாட்டில் தொழில் செய்யக் கூடாது என்று 1320இல் இரண்டாம் எட்வர்ட் தடுத்தார். எட்டாம் ஹென்றி போப்பை உதறியபோது, போப்பின் நியமன உரிமை 1533 சட்டப்படி கான்டர்பரி பேராயருக்குப் போனது. அவருடைய அலுவலகம்தான் இன்றும் அங்கே நோட்டரிகளை நியமிக்கிறது. ஆங்கில நோட்டரி, வெளிநாட்டுக்குப் போகும் தாளில் முத்திரை குத்தும் சிறிய ஆளாகவே தங்கிப்போனார்.

ஐரோப்பிய நொத்தாரியுஸுக்கும் ஆங்கில நோட்டரிக்கும் உள்ள இந்த வேறுபாடு அப்படியே தமிழுக்குள் வந்திருக்கிறது. டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 வரை இருந்தார்கள். அவர்களோடு உரோமன்-டச்சுச் சட்டமும் ‘நொத்தாரிஸ்’ என்ற பதவியும் வந்தன. அதுவே இலங்கைத் தமிழின் நொத்தாரிசு. டச்சு ‘த’ நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்வது. ஆகவே தமிழில் ‘த்த’ ஆயிற்று. கடைசியில் வரும் ‘சு’, லத்தீன் ‘உஸ்’ஸில் மிஞ்சிய சகரத்துக்கு நம் குற்றியலுகரம் சேர்ந்தது. சென்னைக்கு அதே சொல் ஆங்கிலம் வழியே வந்தது. ஆங்கில ‘ட’ அண்ணத்துப் பக்கம் நுனி நாக்கால் ஒலிப்பதால் ‘நோட்டரி’. ஆங்கிலத்தில் வால் ஏற்கெனவே போய்விட்டதால் இங்கே ‘சு’வும் கிடையாது.

வேலையும் வேறு. பிரித்தானியர் வந்த பிறகும் இலங்கையில் பழைய ஏற்பாடு கலையவில்லை. காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் ஆகியோரின் முன்னிலையில் உறுதி, அதாவது பத்திரம், முடிக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வைத்தது. இன்றும் அதுதான் விதி. நொத்தாரிசு உறுதியை எழுதுவார், மூலத்தைக் கட்சிக்காரரிடம் கொடுப்பார், ஒரு படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார், ஒன்றைத் தம்மிடமே ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்துவார். தமிழ்நாட்டில் நிலம் வாங்குகிறவருக்கு நோட்டரியிடம் வேலையே இல்லை. கிரயப் பத்திரத்தைப் பத்திர எழுத்தர் எழுதுவார், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவார். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமனம் பெற்ற நோட்டரி, பெயர் மாற்றப் பிரமாணப் பத்திரத்திலும் சான்றிதழ் நகல்களிலும் ஒப்பமிட்டு, சிவப்பு முத்திரை குத்தித் தருவார்.